வெள்ளைப் பூ வரும்வரை

சாமியோடு சண்டை போட்டுவிட்டு வந்த மனுஷன் வீட்டில் வந்து பொய் சொல்லலாமா? அருணகிரி சொன்னார். செருப்பைக் கழற்றும்போதே சொன்னார்.

"சந்திரா, உத்தரவு கெடைச்சிடுச்சு. வெள்ளப் பூ வந்துடுச்சு. வைத்தியம் பண்ணிக்கலாம்."

சட்டைப் பையிலிருந்து வாழையிலைப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்துத் தையல் மெஷின் மேல் வைத்தார். உள்ளே ஒரு நந்தியாவட்டை, வெயிலில் வதங்கிக் கிடந்தது. சந்திரகலா யாருடைய ஜாக்கெட்டுக்கோ கொக்கி வைத்துக்கொண்டிருந்தாள். ஊசியை நிறுத்தாமல் கேட்டாள்.

"பச்சையம்மாவா சொன்னாங்க?"

"பின்ன? குலதெய்வத்தக் கேக்காம வேற யாரக் கேப்பாங்க?"

இதுதான் அந்தப் பொய். நடந்ததைச் சொன்னால் நீங்களே தலையில் அடித்துக்கொள்வீர்கள்.

ஐந்து வருஷத்துக்கு முன்னால் சந்திரகலாவுக்கு மார்பில் கட்டி வந்தது. ஆபரேஷன், மருந்து ஏற்றுவது, கரண்ட் வைப்பது என்று ஒரு வருஷம் படாத பாடு பட்டுப் பிழைத்து வந்தாள். சொந்தக்காரர்கள் எல்லோரும் வந்து பார்த்து, ஹார்லிக்ஸ் பாட்டில்களை அடுக்கிவைத்துவிட்டுப் போனார்கள். முடி முளைத்தது. மெஷின் மறுபடி ஓடியது. அவ்வளவுதான், தொலைந்தது சனியன் என்று அருணகிரி நினைத்திருந்தார். இப்போது அது ஈரலிலும் நுரையீரலிலும் வந்து உட்கார்ந்துகொண்டது.

சென்னையில் பழைய டாக்டரம்மாவிடமே போனார்கள். அந்த அம்மா ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் காட்டி, நிதானமாகத்தான் சொன்னார். "இந்தத் தடவை முழுசா குணமாக்க முடியாதும்மா. மருந்து ஏத்தினா கொஞ்சம் தள்ளிப் போடலாம். சில பேருக்கு ஒரு வருஷத்துக்கு மேலயும் போகும். சில பேருக்கு மருந்தே கேக்காது. மருந்து வேணாம்னா, வலி இல்லாம பாத்துக்கறதுக்கும் வைத்தியம் இருக்கு, அதையும் நாங்களே செய்வோம். ரெண்டுமே தப்பில்ல. வீட்ல யோசிச்சு சொல்லுங்க."

அருணகிரிக்கு அந்த இடத்திலேயே எரிச்சல் வந்துவிட்டது. யோசித்துச் சொல்ல அவர் என்ன டாக்டருக்கா படித்தார்? வேங்கிக்கால் ரோட்டில் அவருக்கு மோட்டார் காயில் கட்டும் கடை. கீழ்பென்னாத்தூர் பக்கத்திலிருந்து விவசாயிகள் எரிந்துபோன பம்புசெட் மோட்டாரைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். பிரித்துப் பார்த்துவிட்டு, கட்டலாம் என்பார், இல்லையென்றால் இரும்புக்குப் போடு என்பார். நீயே யோசிச்சுச் சொல்லு என்று ஒரு விவசாயியிடம் சொன்னால் அவன் மோட்டாரை இவர் தலையிலேயே போடுவான்.

இன்னொரு விஷயமும் இருக்கிறது, சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. அருணகிரி தன் பொறுப்பில் எந்த முடிவும் எடுத்த ஆள் கிடையாது. கடைக்கு இடம் பார்த்தது மச்சான். வீட்டு மனை வாங்கச் சொன்னது மகன் கலையரசன். மழையில் கடைக்குள் தண்ணீர் வந்தால் மச்சானைத் திட்டுவார், மனைக்கு ரோடு வராவிட்டால் மகனைத் திட்டுவார். திட்டுவதற்கு ஒரு ஆள் இல்லாமல் அவருக்குத் தூக்கம் வராது.

சென்னையில் ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கும் கலையரசனோ தினமும் போன் போட்டு நச்சரித்தான். "யோசிக்க இன்னாப்பா இருக்குது? இட்டுகினு வா அம்மாவ." சந்திரகலாவிடம் போனைக் கொடுத்தால், "பாக்கலாம்டா" என்று சொல்லிவிட்டு வெளியூர்க்காரியைப் போலச் சிரித்துக்கொண்டு நகர்ந்துவிடுவாள். சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. குழம்பு கொதிக்கிறது, மெஷின் ஓடுகிறது, பதில் மட்டும் வரவில்லை. அருணகிரிக்குப் பைத்தியம் பிடித்துவிடும் போலிருந்தது. உண்மையில் அது கோபம்கூட இல்லை, பயம். பயந்தால் கோபப்படத்தான் அவருக்குத் தெரியும்.

அதனால் பூக்கட்டிப் பார்க்கப் போனார். கீழ்பென்னாத்தூரைத் தாண்டி அவர்களுடைய குலதெய்வம் பச்சையம்மன் கோயில். பூசாரி முனிரத்தினம் அருணகிரிக்குச் சித்தப்பா மகன். வெள்ளைப் பூ வந்தால் வைத்தியம் செய்துகொள்ளலாம், சிவப்புப் பூ வந்தால் வேண்டாம் என்று வேண்டிக்கொண்டார்கள். நந்தியாவட்டை ஒரு இலையில், செவ்வரளி ஒரு இலையில், இரண்டையும் ஒரே மாதிரி மடித்து, குலுக்கி, அம்மன் காலடியில் போட்டான் முனிரத்தினம். கற்பூரம் காட்டினான். கண்ணை மூடி ஒன்றை எடுத்துப் பிரித்தான்.

செவ்வரளி.

"நீ சரியா குலுக்கலடா."

"ண்ணா, உன் எதிர்லதான குலுக்கினேன்?"

"மறுபடி போடு."

"ஒரு கேள்விக்கு ஒரு தடவதான் ண்ணா. அம்மாவ சோதிக்கக் கூடாது."

"அவதான்டா என்ன சோதிக்கறா!" என்று கத்திவிட்டு, குங்குமம்கூட வாங்காமல் வண்டியை உதைத்துக் கிளப்பினார்.

வருகிற வழியிலேயே ஒரு யோசனை தோன்றியது. பச்சையம்மன் ஊர்ப்புறத்துச் சாமி, அதற்கு ஆஸ்பத்திரி சமாசாரமெல்லாம் எங்கே தெரியும்? மறுநாள் வேங்கிக்காலில் கெங்கையம்மன் கோயிலுக்குப் போனார். கலெக்டர் ஆபீஸ் பக்கத்திலேயே இருக்கிற அம்மன், நாலு விஷயம் தெரிந்திருக்கும். அங்கேயும் செவ்வரளிதான். "வருஷா வருஷம் ஆடிக்குக் கூழ் ஊத்தறேனே, அதுக்கு இதான் நீ செய்யறதா?" என்று சன்னதியிலேயே கேட்டுவிட்டார். வரிசையில் நின்றிருந்த பெண்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள்.

மூன்றாவதாக, கிரிவலப் பாதையில் வேப்பமரத்தடியில் இருக்கிற ஒரு சின்னப் பிள்ளையார். பூசாரி கிடையாது. அருணகிரியே மடித்தார், அருணகிரியே குலுக்கினார். எதிரில் பூ விற்கிற அம்மாவைக் கூப்பிட்டு ஒன்றை எடுக்கச் சொன்னார். வெள்ளை வந்தது. வெள்ளைப் பொட்டலத்தை அந்த அம்மாவின் கைக்குக் கிட்டத்தில் வைத்தாரா என்பது பிள்ளையாருக்கும் அவருக்கும்தான் தெரியும். அந்தப் பூவைத்தான் கொண்டுவந்து பச்சையம்மன் பேரில் மெஷின் மேல் வைத்தார்.

சந்திரகலா பூவையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பச்சையம்மன் என்றால் அவளுக்கு உயிர். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்தச் சாமியிடம் சொல்லாமல் அவள் ஒரு காரியமும் செய்ததில்லை.

"அம்மாவே சொன்னாங்கன்னா சரி. போலாம்" என்றாள்.

அருணகிரிக்குத் தலைகால் புரியவில்லை. உடனே மகனுக்குப் போன் போட்டார். பௌர்ணமிக்கு மறுநாள் காலையில் வண்டி வரும், அன்றைக்கே அட்மிஷன் என்று ஏற்பாடாயிற்று. இத்தனை லேசில் முடிகிற காரியத்துக்கு இவ்வளவு அலைச்சலா என்று ஒரு டீ கூடுதலாகக் குடித்தார்.

ஆனால் அடுத்த சில நாட்கள் அவர் எதிர்பார்த்த மாதிரி இல்லை. சந்திரகலா பீரோவிலிருந்து துணிகளை எடுத்து ஒவ்வொருவருக்கும் போன் செய்து திருப்பிக் கொடுக்க ஆரம்பித்தாள். வெட்டாத ஜாக்கெட் துணி, பாதி தைத்தது, கல்யாணப் பெண் ஒருத்தியின் பட்டு ஜாக்கெட். வந்தவர்களிடம், "வேற எங்கனா குடுத்துக்கம்மா, என்னால முடியாது" என்று மட்டும் சொன்னாள்.

"எதுக்கு இப்பவே திருப்பிக் குடுக்கற? வந்து தச்சிக் குடுக்கலாம்ல?" என்று அருணகிரி எரிந்து விழுந்தார்.

"விரலு போயிடும்ங்க. போன தடவ போச்சுல்ல."

அது அவருக்கு மறந்தே போயிருந்தது. போன தடவை மருந்து ஏற்றியபின் அவளுடைய விரல் நுனிகள் மரத்துப் போயின. ஊசி குத்துவதுகூடத் தெரியாமல் தைத்து, ஒரு மஞ்சள் பட்டில் ரத்தக் கறை ஆகிவிட்டது. அந்தத் துணியை வைத்துக்கொண்டு அவள் அழுத அழுகை இருக்கிறதே, நோய் என்று கேட்ட அன்றைக்குக்கூட அப்படி அழவில்லை. உணர்ச்சி திரும்பி வர இரண்டு வருஷம் பிடித்தது, அதுவும் முழுசாக வரவில்லை.

"அதெல்லாம் இப்ப புது மருந்து வந்துருக்கும்" என்று சொல்லிவிட்டு அருணகிரி கடைக்குக் கிளம்பினார். புது மருந்தைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது.

பௌர்ணமி வந்தது. கிரிவலக் கூட்டத்தில் ஊர் வழக்கம்போல மூச்சுத் திணறியது. பஸ்ஸையெல்லாம் ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிட, ஜனம் வேங்கிக்கால் ரோட்டில் இறங்கி நடந்துகொண்டிருந்தது. பெட்டி கட்டி வாசல் பக்கம் வைத்தாயிற்று. சாயங்காலம் வெயில் தாழ, கதவைத் தட்டிக்கொண்டு ஒரு ஆள் வந்து நின்றான். முனிரத்தினம். கையில் பை நிறைய சாத்துக்குடி.

அருணகிரி வாசலை மறித்துக்கொண்டு நின்றார்.

"கிரிவலம் வந்தேன் ண்ணா. பஸ்ஸ இங்கயே நிறுத்திட்டான். சரி, அண்ணிய ஒரு எட்டு பாத்துட்டுப் போலாம்னு."

"பாத்துட்டல்ல, கெளம்பு. கூட்டம் ஜாஸ்தியாயிடும்."

"இன்னாங்க இது, வந்தவர வாசல்லயே வெச்சுப் பேசிகினு?" என்று சந்திரகலா எழுந்து வந்தாள். "வாங்க, உக்காருங்க. காப்பி போடறேன்."

"வேணாம் அண்ணி, நீங்க செரமப்படாதீங்க." முனிரத்தினம் நாற்காலி நுனியில் உட்கார்ந்தான். பெட்டியைப் பார்த்தான். "எங்கயாச்சும் போறீங்களா?"

"நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு. மருந்து ஏத்திக்கத்தான். நம்ம அம்மாதான் உத்தரவு குடுத்துட்டாங்களே."

முனிரத்தினம் அருணகிரியைப் பார்த்தான். அருணகிரி புருவத்தால், கண்ணால், மூக்கால் என்னென்னவோ ஜாடை காட்டினார். ஆனால் முனிரத்தினம் பூசாரி. அவன் எடுத்த பூவை மாற்றிச் சொன்னால் அது அவன் தலையில் விடியும்.

"அண்ணி, அம்மா செகப்புதான குடுத்தாங்க? ண்ணன் கோவிச்சிகினு குங்குமம்கூட வாங்காம பூட்டாரே."

வெளியே ரோட்டில் ஒரு கும்பல் அரோகரா போட்டுக்கொண்டு போனது. முனிரத்தினம் சாத்துக்குடிப் பையை மெதுவாகத் தரையில் வைத்துவிட்டு, "நான் வரேன் அண்ணி" என்று நழுவினான்.

"எத்தன கோயிலுக்குப் போனீங்க?" என்று சந்திரகலா கேட்டாள்.

அருணகிரி வாசல் பக்கம் திரும்பிக்கொண்டார். "மூணு."

"வெள்ள எங்க வந்துச்சு?"

"பிள்ளையார் கோயில்ல."

சந்திரகலாவுக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு பாதியில் வேறு மாதிரி ஆகிவிட்டது. முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள்.

"நல்லா இருக்குதுங்க உங்க நியாயம். அம்மா பேரச் சொல்லி என்ன ஏமாத்தியிருக்கீங்க. அந்த ஒரு வார்த்தைக்குத்தான் நான் சரின்னேன். துணியெல்லாம் திருப்பிக் குடுத்துட்டு உக்காந்திருக்கறேன்."

"இஷ்டப்பட்டா பண்ணேன்?" அருணகிரிக்கும் குரல் ஏறியது. "நீ வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் ஏன் நாய் மாதிரி கோயில் கோயிலா அலையறேன்? அவன் ஒரு பக்கம் போன் போட்டு உயிர எடுக்கறான், டாக்டர் உன் இஷ்டம்னுது, நீ அடுப்பாண்ட போயி நின்னுக்கற. நான் யாரப் போயி கேக்கறது?"

"என்னக் கேக்கறது."

"கேக்கலையா நானு?"

"எப்பங்க கேட்டீங்க?"

அவர் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தார். சென்னையிலிருந்து திரும்பும்போது வண்டியில், 'பண்ணிக்கலாம்ல?' என்றார். சாப்பிடும்போது, 'கலை பண்ணிக்கச் சொல்றான்' என்றார். படுக்கும்போது, 'போன தடவ நல்லாயிடுச்சுல்ல, இப்பவும் ஆயிடும்' என்றார். எல்லாவற்றிலும் பதிலையும் அவரே சேர்த்துக் கொடுத்திருந்தார். அவள் சொல்வதற்கு மீதி ஒன்றும் இல்லை. மூன்று சாமியிடம் நின்று கேட்ட கேள்வியை இவளிடம் நின்று கேட்கவில்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. அதற்கும் யாரையாவது திட்டலாமா என்று மனம் தேடியது, ஆள் கிடைக்கவில்லை.

"சரி. இப்ப கேக்கறேன். உனக்கு இன்னா வேணும்?"

சந்திரகலா பெட்டியின் மேலேயே உட்கார்ந்தாள்.

"வேணாங்க."

அந்த ஒரு சொல்லைக் கேட்கப் பயந்துதான் அவர் ஊரைச் சுற்றினார். கேட்டபின் காது அடைத்த மாதிரி இருந்தது.

"ஒரு வருஷம் கெடைக்கும்னாங்கடி."

"கெடைக்கலாம்னாங்க. அதுல பாதி ஆஸ்பத்திரி கட்டில்ல போயிடும். மீதி வாந்தியில போயிடும். போன தடவ தண்ணி குடிச்சா துரு நாத்தம் அடிக்கும், ஞாபகம் இருக்குதா? இட்டிலிய வாயில வெச்சுகினு அழுவேன். அப்ப பொறுத்துக்கினேன். குணமாயிடும்னு டாக்டரம்மா சொன்னாங்க, ஆச்சு. பண்ணிக்கிட்டது தப்புன்னு நான் சொல்லல. இப்ப அவங்களே குணமாவாதுங்கறாங்க. அப்புறம் நான் எதுக்காகப் பொறுத்துக்கறது?"

"எனக்காக." அருணகிரி வெட்கத்தை விட்டார். "வாந்தி எடுத்தாலும் பரவால்ல, மொட்டத் தலையா இருந்தாலும் பரவால்ல. ஊட்டுல நீ இருந்தா போதும் எனக்கு."

"தெரியும். அதனாலதான் இத்தன நாளா வாயத் தொறக்கல." அவள் தன் விரல்களைத் தேய்த்துக்கொண்டாள். "நான் சாவறேன்னு சொல்லலைங்க. மருந்து ஏத்திக்க மாட்டேன்னுதான் சொல்றேன். வலிக்கு இன்னா குடுக்கறாங்களோ அத வாங்கிக்கலாம். அந்த டாக்டரம்மாகிட்டயே போலாம். இருக்கற நாளு கொஞ்சமா இருந்தாலும் என் ஊட்டுல, ஊசி குத்தினா வலிக்கற கையோட இருக்கறேன்."

"ஊசி குத்தினா வலிக்கணுமாம்! இதெல்லாம் ஒரு ஆசையா?" என்று கத்தினார். எழுந்து வாசல்வரை போனார், திரும்பி வந்தார். சாத்துக்குடிப் பை காலில் இடறி, பழங்கள் அறை முழுக்க உருண்டன. ஒவ்வொன்றாகக் குனிந்து பொறுக்கினார். பொறுக்கிக்கொண்டே அழுதார். அவள் எழுந்து வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்து, கட்டிலுக்கு அடியில் போன பழத்தை எடுத்துக் கொடுத்தாள்.

போன் அடித்தது. கலையரசன்.

சந்திரகலா கையை நீட்டினாள். "குடுங்க. நானே சொல்லிடறேன்."

அருணகிரி போனைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். மகனை அவருக்குத் தெரியும். முதலில் கத்துவான். அப்புறம் அழுவான். என் கல்யாணத்தைப் பார்க்க வேண்டாமா என்பான். உனக்கு என்மேல் பாசம் இல்லை என்பான். ஒரு மணி நேரத்தில் அவளை உருக்கிக் கரைத்து, சரி என்று சொல்லவைத்துவிடுவான். அப்படியும் அவள் அசையவில்லை என்றால், அம்மா என்னை விட்டுவிட்டுப் போக அவளாகவே முடிவு பண்ணினாள் என்று ஆயுசுக்கும் சொல்லிக்கொண்டிருப்பான்.

போனை அவள் கைக்கு எட்டாமல் தூக்கி, அவரே எடுத்தார்.

"ப்பா, காலையில நேரத்தோட கெளம்பிடுங்க. டிரைவர் கூட்டத்துல மாட்டிக்கப் போறான்..."

"கலை, வண்டி வேணாம்னு சொல்லிடு."

"இன்னாப்பா ஆச்சு? அம்மா ஒத்துக்கலையா? போன அம்மாகிட்ட குடு."

"அம்மாவ எதுக்குடா கேக்கற? அவ பொட்டி கட்டிகினு ரெடியாதான் இருந்தா. நான்தான் வேணாம்னு சொல்லிட்டேன்."

எதிர்முனை வெடித்தது. சந்திரகலாவுக்கே இங்கே கேட்டது. "நீ யாருப்பா வேணாம்னு சொல்றதுக்கு? உனக்கு இன்னா தெரியும்? அம்மாவ சாவடிக்கறதுன்னு முடிவு பண்ணிட்டியா?"

"ஆமாண்டா. என் முடிவுதான். நல்லா யோசிச்சுத்தான் சொல்றேன். மருந்து வேணாம். வலி இல்லாம பாத்துக்கலாம்."

"அம்மாவுக்கு ஒண்ணு ஆச்சுன்னா உன் மூஞ்சியில முழிக்க மாட்டேன்ப்பா. சொல்லிட்டேன்."

"சரிடா."

போன் துண்டிக்கப்பட்டது.

"எதுக்குங்க இப்படிச் சொன்னீங்க?" சந்திரகலாவுக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "ஒரு பொய் சொல்லி மாட்டிக்கினது பத்தாதா? சொன்னது நானு. நீங்க எதுக்கு அவன்கிட்ட பேச்சு வாங்கறீங்க?"

"சும்மா இருடி." அவர் போனை மடியில் வைத்துக்கொண்டார். "நாளைக்கு நீ பூட்டப்புறம் அவனுக்கு யார்மேலயாவது கோவம் வரும்ல? செத்துப்போனவ மேல கோவப்பட்டா அது அவனுக்குத் தீரவே தீராது. உன்ன நெனச்சா அவன் அழுவணும், அவ்ளோதான். திட்டறதுக்கு நான் இருக்கறேன்."

போன் மறுபடி அடித்தது. சந்திரகலா கையை நீட்டவில்லை. அருணகிரி எடுத்தார்.

"சொல்லுடா" என்றார்.